திருகோணமலையில் மத்தியான இசை: உள்ளூர்ப் பாடகர்களை வைத்து நாற்பது நிமிட நிகழ்ச்சி நடத்த முழுமையான வழிகாட்டி

திருகோணமலையில் பாடக்கூடியவர்களுக்குக் குறைவே இல்லை. கோயிலில் பண்ணோடு தேவாரம் ஓதுகிறவர், ஞாயிறு பூசையில் பாடகர் குழுவை நடத்துகிற ரீச்சர், கிண்ணியாவில் இஸ்லாமிய கீதம் பாடுகிறவர், பகலில் வங்கியில் வேலை பார்த்துவிட்டு இரவில் இசைக்குழுவில் சினிமாப் பாட்டுப் பாடுகிற தம்பி என்று தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். ஆனால் இவர்களை நாம் கேட்பது எப்போது? திருவிழா இரவில், இரண்டு பேச்சாளருக்கு நடுவே, பிரதம விருந்தினர் வந்து சேரும் வரைக்கும். பாட்டைக் கேட்பதற்கென்றே ஆட்கள் வந்து உட்காருகிற நிகழ்ச்சி ஊரில் மிகக் குறைவு.

மத்தியான நிகழ்ச்சி அந்தக் குறையைத் தீர்க்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். மேடை அலங்காரம் வேண்டாம், இரவுப் பயணம் வேண்டாம், பெரிய செலவும் இல்லை. வேலைக்கு வந்த சனம் சாப்பாட்டு நேரத்தில் வந்து இருந்து, நல்ல குரல்கள் சிலவற்றைக் கேட்டுவிட்டு மறுபடி வேலைக்குப் போகும். அவ்வளவுதான்.

இதற்குப் பெரிய முன்மாதிரியும் உண்டு. 1939 ஒக்டோபரில், போர் தொடங்கி இலண்டன் மண்டபங்கள் எல்லாம் இருண்டு கிடந்தபோது, பியானோக் கலைஞர் மைரா ஹெஸ் அங்குள்ள தேசிய ஓவியக் கூடத்தில் மத்தியானக் கச்சேரிகளைத் தொடங்கினார். ஓவியங்களைப் பாதுகாப்புக்காக வேறிடத்துக்குக் கொண்டு போயிருந்ததால் கூடம் வெறுமையாகக் கிடந்தது. வார நாட்களில் பகல் 1 மணிக்கு இசை, நுழைவு ஒரு ஷில்லிங், பக்கத்தில் சாண்ட்விச். குண்டு விழுந்த காலத்திலும் நிறுத்தவில்லை. 1946 ஏப்ரல் வரை 1,698 கச்சேரிகள் நடந்தன. அதே போரில் 1942 ஏப்ரல் 9ஆம் திகதி நம்முடைய துறைமுகத்திலும் சீனக்குடாவிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன என்பதை நினைக்கும்போது இந்தக் கதை எனக்குத் தூரத்துக் கதையாகத் தெரிவதில்லை. அந்தக் கச்சேரிகள் அத்தனை வருடம் ஓடியதற்கு எளிமையான காரணம் உண்டு: மாறாத நேரம், யாரும் கொடுக்கக்கூடிய கட்டணம், சாப்பாட்டு இடைவேளைக்குள் அடங்கும் நீளம். நாமும் இந்த மூன்றையும் பிடித்துக்கொண்டால் போதும்.

1. முதலில் நாலைந்து பேர்

சங்கம் பதிந்து தலைவர், செயலாளர், பொருளாளர் என்று தொடங்கத் தேவையில்லை. பாடகர்களோடு பேச ஒருவர், இடத்தையும் கதிரையையும் பார்க்க ஒருவர், ஒலிக்கு ஒருவர், வாசலில் நிற்க ஒருவர், நேரத்தைப் பார்க்க ஒருவர். இந்த ஐந்தாவது ஆளைக் கவனமாகத் தெரிவு செய்யுங்கள். அவர் பாடகராகவும் இருக்கக்கூடாது, யாருக்கும் சொந்தக்காரராகவும் இருக்கக்கூடாது. ஐந்து நிமிடம் முடிந்தது என்று பெரியவருக்கும் கை காட்டத் துணிந்தவராக இருக்க வேண்டும்.

2. நாளும் நேரமும்

நிகழ்ச்சியின் உயிரே இதில்தான் இருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமையை விட்டுவிடுங்கள். ஜும்ஆத் தொழுகை நேரமும் நம் நேரமும் ஒன்றாக வரும். முஸ்லிம் பாடகர்களும் இரசிகர்களும் இல்லாத திருகோணமலை இசை அரைகுறை இசை. திங்கட்கிழமை அலுவலகங்களில் வேலை குவிந்திருக்கும். புதன் அல்லது வியாழன் நல்லது. ஒவ்வொரு மாதமும் முதல் புதன் என்று வைத்துவிட்டால், விளம்பரம் இல்லாமலே சனத்துக்கு நினைவு நிற்கும். போயா (பௌர்ணமி) விடுமுறை அந்த நாளில் விழுந்தால் ஒரு கிழமை தள்ளுங்கள். அலுவலகம் பூட்டியிருக்கும்போது சாப்பாட்டு நேர நிகழ்ச்சிக்கு ஆள் வராது.

நம் ஊரின் உச்சிப்பொழுது ஓசை நிறைந்தது. 12 மணிக்குத் தேவாலய மணி, கோயில்களில் உச்சிக்காலப் பூசை மணி, பிறகு பள்ளிவாசல்களில் லுஹர் (நண்பகல் தொழுகை) பாங்கு. பாங்கு நேரம் வருடத்தில் அரை மணி அளவு முன்பின்னாக நகரும்: பெப்ரவரி நடுவில் இங்கே சூரியன் உச்சிக்கு வருவது ஏறக்குறைய 12.20க்கு, நவம்பர் தொடக்கத்தில் 11.50க்கே. எனவே 12.30க்குத் தொடங்கினால் எந்த மாதத்திலும் பாங்குக்கு மேலாகப் பாட்டு ஒலிக்காது. தொழுதுவிட்டு வருகிறவர்களுக்கும் பெரும்பகுதி கிடைக்கும்.

முடிவு 1.10. சில அலுவலகங்களில் இடைவேளை அரை மணி, சில இடங்களில் ஒரு மணி. ஆகவே நாற்பது நிமிடத்தையும் இரண்டாகப் பிரித்து, 12.50க்கு ஒரு சின்ன இடைவெளி விடுங்கள். போக வேண்டியவர்கள் அப்போது கூச்சமில்லாமல் எழும்பிப் போகலாம், பிந்தி வந்தவர்கள் உள்ளே வரலாம். பாட்டின் நடுவே கதிரை இழுக்கும் சத்தம் இதனால் பாதியாகக் குறையும்.

மாதத்தைப் பற்றி. ஒக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழை. மண்டபத்துக்குள் நடத்தலாம், ஆனால் மழையில் இடைவேளைக்கு நடந்து வர யாருக்கும் மனம் வராது. ஜூன் முதல் ஓகஸ்ட் வரை கச்சான் காற்று மேற்கிலிருந்து சூடாக அடிக்கும். மரநிழலில் நடத்தும் எண்ணம் இருந்தால் அந்த மாதங்களில் வேண்டவே வேண்டாம்: மைக்கில் காற்று இரையும், பாட்டுத்தாள் பறக்கும், பாடகருக்குத் தொண்டை வறளும். தொடங்குவதற்கு மிக இதமான காலம் பெப்ரவரியும் மார்ச்சும். ஒன்றை மட்டும் பாருங்கள்: நோன்பு மாதம் வருடா வருடம் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்ந்து வருகிறது. நோன்பில் சாப்பாட்டு நேர நிகழ்ச்சி வைப்பது சரியில்லை. அந்த மாதத்தை விட்டுவிடுங்கள். பெரிய வியாழன், பெரிய வெள்ளி வாரமும், பங்குனியில் கோணேசர் கோயில் திருவிழாக் காலமும் அப்படியே, ஏனென்றால் நல்ல பாடகர்கள் எல்லாம் அங்கேதான் இருப்பார்கள். சாதாரண தர, உயர்தரப் பரீட்சைகள் நடக்கும் நாட்களில் பரீட்சை மண்டபத்துக்கு அருகே ஒலிபெருக்கி போடவே கூடாது.

3. இடம்

அலுவலகங்களிலிருந்து ஐந்து நிமிட நடைக்குள் இருக்க வேண்டும். வெயிலில் அதற்கு மேல் யாரும் நடக்க மாட்டார்கள். உவர்மலையில் அருமையான இடம் கிடைத்தாலும், கேட்கப்போகிறவர்கள் மத்திய வீதியிலும் உட்துறைமுக வீதிப் பக்கமும் வேலை செய்கிறார்கள் என்றால் அந்த இடம் உதவாது. எங்கே சனம் இருக்கிறதோ அங்கே மண்டபம் தேடுங்கள்.

பாடசாலை மண்டபங்கள் 1.30 வரை வகுப்புச் சத்தத்தில் இருக்கும். தேவாலயத்தோடு சேர்ந்த மண்டபம், கோயில் மடம், பொது நூலகத்தின் கூட்ட அறை, ஏதாவது சங்கத்தின் மேல்மாடி என்று பாருங்கள். எண்பது பேர் இருக்கக்கூடிய இடம் போதும். நூறு கதிரை போட்டு நாற்பது பேர் வந்தால் பாடகருக்கு மனம் விழுந்துவிடும். ஐம்பது கதிரை போட்டு அதே நாற்பது பேர் வந்தால் நிறைந்த சபை. மிச்சக் கதிரைகளைச் சுவரோரம் அடுக்கி வையுங்கள், தேவைப்பட்டால் எடுக்கலாம்.

மத வழிபாட்டு இடமாக இருந்தால் முதலே பேசித் தெளிவாக்குங்கள்: எல்லா மதத்துப் பாட்டும் அங்கே பாடலாமா, சினிமாப் பாட்டுக்கு ஆட்சேபணை உண்டா, மரக்கறிச் சாப்பாடு மட்டும்தானா. ஒரு மடம் மறுத்தால் அதில் மனவருத்தப்பட ஒன்றுமில்லை. பொது மண்டபத்துக்குப் போங்கள்.

போய்ப் பார்க்கும்போது, கட்டாயம் மத்தியானம் 12.30க்குப் போங்கள். தகரக் கூரையின் சூடு, மின்விசிறியின் இரைச்சல், எந்தச் சன்னலால் வெயில் மேடையில் விழுகிறது, வீதியில் பஸ் ஹோர்ன் எவ்வளவு கேட்கிறது என்பதெல்லாம் அந்த நேரத்தில்தான் தெரியும். நடு மண்டபத்தில் நின்று கையை ஒருமுறை பலமாகத் தட்டுங்கள். ஓசை நீண்டு இழுபட்டால், திரைச்சீலையோ விரிப்போ வேண்டும்.

4. பாடகர்களைத் தேடுவது

நமக்கு ஏற்கனவே தெரிந்த நாலு பேரோடு நின்றுவிடாதீர்கள். சங்கீத ஆசிரியர்களிடம் கேட்டால் வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைகளில் மேல் தரம் வரை போய், பிறகு கலியாணம், பிள்ளை, வேலை என்று பாட்டை விட்டவர்களின் பெயர் வரிசையாக வரும். இந்த நிகழ்ச்சி முதலில் இவர்களுக்கானது. இரண்டு மணி நேரக் கச்சேரிக்கு அவர்களால் இப்போது ஆயத்தமாக முடியாது. ஐந்து நிமிடப் பாட்டு ஒன்றுக்கு முடியும்.

பிரதேச செயலகத்தில் கலாசார உத்தியோகத்தர் இருப்பார். பதிவு செய்த கலைஞர்களின் விவரம் அவரிடம் கிடைக்கும். பங்குத் தந்தையிடமும் மெதடிஸ்த போதகரிடமும் பாடகர் குழுவைப் பற்றிக் கேளுங்கள். கிண்ணியா, மூதூர்ப் பக்கத்தில் கஸீதா என்னும் புகழ்ப் பாட்டும் நாட்டார் கவியும் பாடத் தெரிந்த மூத்தவர்களைப் பள்ளிவாசல் நிர்வாகத்தார் காட்டுவார்கள். சிங்களப் பாட்டு அழகாகப் பாடுகிற ஒருவரையும் சேருங்கள். இது மூவினத்தவரும் வாழும் ஊர்.

அம்பாப் பாட்டை மறக்கவே கூடாது. கரைவலை இழுக்கும்போது ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, கயிற்றைப் பிடித்திருக்கிறவர்கள் எல்லாரும் ஒன்றாகப் பதில் சொல்லுவார்கள். இழுவையின் வேகத்துக்கு ஏற்பப் பாட்டும் வேகம் மாறும்: வலை தூரத்தில் நிற்கும்போது நீண்டு நிதானமாக, வலையின் பைப் பகுதியான மடி கரைக்கு அண்மிக்கும்போது நெருங்கி விரைவாக. மேடையில் வெறுமனே நிறுத்தி வைத்துப் பாடச் சொன்னால் அந்த வேகம் வராது. தடித்த கயிறு ஒன்றைக் கொடுங்கள். ஒரு முனையை மண்டபத்துத் தூணில் கட்டி, நாலு பேர் பிடித்து இழுத்துக்கொண்டு பாடட்டும். சபையும் பதில் குரல் கொடுக்கட்டும். பண்ணிசைக்கும் கீர்த்தனைக்கும் நடுவே இப்படி ஒரு பாட்டு வரும்போது மண்டபமே நிமிர்ந்து உட்காரும்.

கரைவலைக்காரர், நாட்கூலிக்காரர் பாட வந்தால் அந்த நாள் உழைப்பு போகிறது என்பதை நினைவில் வையுங்கள். சம்பளக்காரருக்கு இடைவேளை உண்டு, அவர்களுக்கு இல்லை. அந்தத் தொகையை முதலே கையில் கொடுங்கள்.

பாடகரிடம் கேட்கும்போது எல்லாவற்றையும் ஒரே தடவையில் சொல்லிவிடுவது மரியாதை. “ரீச்சர், முதல் புதன் மத்தியானம். உங்களுக்கு ஒரு பாட்டு, ஐந்து நிமிடம். மிருதங்கமும் வயலினும் இருக்கும். 11.15க்கு ஓட்டோ வீட்டுக்கு வரும், 1.45க்குத் திரும்பக் கொண்டுவந்து விடுவோம். எந்தச் சுருதி, என்ன பாட்டு என்று ஞாயிற்றுக்கிழமைக்கு முதல் சொன்னால் போதும்.” இவ்வளவும் சொன்னால் பெரும்பாலானவர்கள் சம்மதிப்பார்கள். “ஏதோ பாட வேணும், வாங்கோ” என்றால் தயங்குவார்கள், அது நியாயமும்கூட.

பாடசாலைப் பிள்ளைகளை வார நாளில் எடுக்க வேண்டுமானால் அதிபருக்கும் பெற்றோருக்கும் கடிதம் வேண்டும். விடுமுறை மாதத்து நிகழ்ச்சியைப் பிள்ளைகளுக்கென்று வைத்துவிடுவது அதைவிட நல்லது.

5. பாட்டு வரிசை

நாற்பது நிமிடத்துக்கு ஏழு பாட்டு. எட்டு வைத்தால் நேரம் தவறும். ஆலாபனை (வரிகள் இல்லாமல் இராகத்தை விரித்துப் பாடுவது) ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம், கற்பனாஸ்வரம் (மேடையிலேயே ஸ்வரம் கோத்துப் பாடுவது) வேண்டாம். ஒரு கீர்த்தனையைப் பல்லவி, அனுபல்லவி, ஒரு சரணம் என்று ஒழுங்காகப் பாடினால் ஐந்து நிமிடத்துக்குள் முடியும்.

நான் அமைக்கும் வரிசை இப்படி இருக்கும். தொடக்கத்தில் திருஞானசம்பந்தரின் கோணமாமலைப் பதிகத்திலிருந்து இரண்டு செய்யுள். இராமேசுவரத்திலிருந்தபடியே அவர் இந்தத் தலத்தைப் பாடியதாகப் பெரியபுராணம் சொல்கிறது. ஏறக்குறைய ஆயிரத்து முந்நூறு வருடமாக இந்த ஊரின் பெயர் அந்தப் பாட்டுக்குள் இருக்கிறது. அதன் பண், அதாவது பழந்தமிழ் இராகம், புறநீர்மை. இதைப் பூபாளத்தோடு பொருத்திப் பாடுவார்கள், பூபாளம் விடியற்கால இராகம் என்பதால் மத்தியானத்தில் பாடச் சிலர் தயங்குவார்கள். ஊரின் சொந்தப் பதிகத்தை நேரம் பார்த்து ஒதுக்கக்கூடாது என்பதே என் கருத்து. மனம் ஒப்பாத பாடகருக்கு அருணகிரிநாதர் இந்தத் தலத்துக்குப் பாடிய திருப்புகழ் இருக்கிறது.

அடுத்து ஒரு கீர்த்தனை. மூன்றாவது அம்பாப் பாட்டு. இங்கே இடைவெளி. பிறகு தேவாலயப் பாடகர் குழு, இஸ்லாமிய கீதம், எழுபதுகளின் இலங்கை மெல்லிசை, பொப்பிசை அல்லது சினிமாப் பாட்டில் ஒன்று. கடைசியில் மத்தியமாவதியில் ஏதாவது. மங்கள இராகம் என்பதால் அதைக் கடைசியில் பாடுவது வழக்கம். மத்தியானத்துக்கு உரிய இராகமும் அதுதான். நம் நிகழ்ச்சிக்கு இரண்டு வகையிலும் பொருந்தும்.

சினிமாப் பாட்டை ஒதுக்கச் சொல்கிறவர்கள் குழுவுக்குள் இருப்பார்கள். ஒதுக்காதீர்கள். ஒரே ஒரு பாட்டு, நன்றாகப் பாடுகிறவர், பின்னணி இசைப் பதிவு இல்லாமல் வயலினும் தபேலாவும் மட்டும் வைத்து. நன்கு தெரிந்த மெட்டை அப்படிக் கேட்டபின் சனம் குரலைக் கவனிக்கத் தொடங்கும்.

பேச்சைப் பற்றி. மங்கல விளக்கேற்றல், வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை, பொன்னாடை, நன்றியுரை: ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிமிடம் என்றாலே அரை மணி போய்விடும். முதல் நிகழ்ச்சியிலேயே இவை இல்லாமல் பழக்குங்கள். ஊர்ப் பெரியவர் ஒருவர் கேட்பார்: “தம்பி, நாலு வார்த்தை பேசாமல் எப்படித் தொடங்கிறது?” “ஐயா, நீங்கள் 12.15க்கு வந்து விளக்கை ஏற்றித் தாங்கோ. பிறகு முதல் வரிசையில் இருந்து கேளுங்கோ. பிள்ளைகளுக்கு அதுதான் பெரிய ஆசீர்வாதம்.” இப்படிச் சொன்னால் யாரும் கோபிப்பதில்லை. அறிவிப்பாளருக்கும் ஒரு பாட்டுக்கு இருபது விநாடி: பாடகர் பெயர், ஊர், பாட்டு, இயற்றியவர். தமிழில் சொல்லிவிட்டு ஒரு வரி சிங்களத்திலும் சொல்லட்டும்.

6. சுருதியும் மிருதங்கமும்

இந்தப் பகுதியைப் பலரும் கவனிப்பதில்லை. நிகழ்ச்சி தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான். ஒரே பாடகரின் கச்சேரியில் சுருதி ஒன்றுதான். இங்கே ஏழு பேர், ஏழு குரல். சுருதியின் உயரத்தைக் கட்டை என்று அளப்பார்கள். ஆண்கள் பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு கட்டைக்குள், பெண்கள் ஐந்து முதல் ஆறு கட்டைக்குள் பாடுவார்கள். மிருதங்கத்தின் வலந்தலை (வலது பக்கத் தோல்) பாடகரின் அடிப்படை ஸ்வரமான சட்ஜத்தில் நிற்க வேண்டும். கல்லாலும் மரப்புள் என்ற சின்ன மரத்துண்டாலும் தட்டி ஒரு மிருதங்கத்தை அரைக் கட்டை அளவு ஏற்றி இறக்கலாம்; அதற்கு மேல் என்றால் வேறு மிருதங்கம் வேண்டும். சபை பார்த்திருக்க ஐந்து நிமிடம் டொக் டொக் என்று தட்டிக்கொண்டிருந்தால் நேரமும் போகும், மனநிலையும் கலையும்.

எனவே பாட்டு வரிசையை உறுதி செய்யுமுன் சுருதிப் பட்டியல் எடுங்கள். ஒரே சுருதிக்காரரைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். தேவாரமும் கீர்த்தனையும் இரண்டு பெண்கள் ஐந்தரைக் கட்டையில் பாடினால் ஒரு மிருதங்கம் போதும். அடுத்து வரும் அம்பாப் பாட்டுக்கு மிருதங்கமே வேண்டாம், அந்த நேரத்தில் கலைஞர் அடுத்த வாத்தியத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். பாடகர் குழுவுக்குக் கீபோர்ட். இப்படி யோசித்தால் வரிசை தானாக அமையும்.

மத்தியான வெக்கை தோலை இறுக்கும். காலையில் சேர்த்த மிருதங்கம் 12.30க்குச் சுருதி ஏறியிருக்கும். மழைநாளில் ஈரக்காற்றில் இறங்கும். தொப்பியில் (இடது பக்கத் தோலில்) அப்பும் ரவைப் பசை மின்விசிறிக் காற்றில் சீக்கிரம் காய்ந்து, அடிச்சத்தம் மெலிந்துவிடும். மிருதங்கக்காரர் பக்கத்தில் சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் வையுங்கள். பாட்டுக்குப் பாட்டு விரல் நனைத்துப் பசையைத் தடவிக்கொள்வார். மின்விசிறியை அவருக்கு நேரே திருப்பாதீர்கள். வயலின் தந்தியும் இதே வெக்கையில் நழுவும், ஆகவே இருவருக்கும் 12.25க்குக் கடைசி முறை சுருதி பார்க்க ஐந்து நிமிடம் கொடுங்கள்.

சுருதிக்குக் கைப்பேசிச் செயலி போதும். அந்தப் பேசியை அழைப்பு வராதபடி விமான நிலையில் (flight mode) போட்டுவிடுங்கள்.

ஒத்திகை ஒன்று போதும், முந்தின ஞாயிறு பின்னேரம். எல்லாரும் தங்கள் பாட்டை முழுமையாக ஒருமுறை பாட, நேரக்காரர் அளந்து எழுதட்டும். ஆறரை நிமிடம் வருகிறதென்றால் எந்தச் சரணத்தை விடுவது என்று அங்கேயே முடிவு செய்யுங்கள்.

7. ஒலி

எண்பது பேர் மண்டபத்துக்கு இரண்டு ஸ்பீக்கர், சின்ன மிக்சர், ஐந்து மைக். கல்யாண வீட்டுக்குக் கொண்டுவரும் பெரிய பெட்டிகள் வேண்டாம் என்று சவுண்ட் காரரிடம் முதலே சொல்லிவிடுங்கள். ஸ்பீக்கர்கள் மைக்குகளுக்கு முன்னால், சபையைப் பார்த்தபடி நிற்க வேண்டும். பின்னால் போனால் கூ என்று கத்தும். பாடகருக்கும் மைக்குக்கும் இடையே ஒரு கைமுட்டி அளவு தூரம். எக்கோ பொத்தானில் யாரும் கை வைக்கக்கூடாது.

மேடையை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பக்கம் பாய் விரித்து, தரையில் இருந்து பாடுகிறவர்களுக்கு மைக்குகளைத் தாழ்வாக நிறுத்துங்கள். மறுபக்கம் நின்று பாடுகிற குழுவுக்கு உயரமான இரண்டு மைக். ஒருவர் முடிக்கும்போது அடுத்தவர் மறுபக்கத்தில் ஆயத்தமாக இருப்பார். மைக் இழுக்கும் வேலையே இருக்காது. தரையில் இருக்க முடியாத மூத்தவருக்குக் கை இல்லாத கதிரை ஒன்று.

பாட்டுவரிகளைக் கைப்பேசியில் பார்த்துப் பாடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. திரை அணைந்தால் பாட்டும் நின்றுவிடும். பெரிய எழுத்தில் அச்சடித்துக் கிளிப் போட்டுக் கொடுங்கள். கரண்ட் போனால் என்ன செய்வது என்பதையும் முதலே முடிவு செய்யுங்கள்: மின்விசிறியும் நின்ற அமைதியில், மைக் இல்லாமல், பாடகர் ஓரடி முன்னால் வந்து தொடர்ந்து பாட வேண்டியதுதான். ஜெனரேட்டர் இரைச்சலைவிட அது எவ்வளவோ மேல்.

8. அனுமதி

ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் நிலையத்தில் அனுமதி எடுக்க வேண்டும். கடிதத்தில் திகதி, இடம், தொடங்கும் நேரம், முடியும் நேரம் எல்லாம் தெளிவாக இருக்கட்டும். மண்டப உரிமையாளரின் சம்மதக் கடிதத்தையும் கொண்டு போங்கள். பொது இடம் என்றால் உள்ளூராட்சி மன்றத்திடமும் கேட்க வேண்டும்.

பாட்டு உரிமையையும் பாருங்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, இயற்றியவர் மறைந்து 70 வருடம் வரை உரிமை நீடிக்கும். தேவாரத்துக்கும் 1921இல் மறைந்த பாரதியின் வரிகளுக்கும் இந்தக் கேள்வி இல்லை. பாபநாசம் சிவன் மறைந்தது 1973இல்; அவருடைய பாட்டுகளுக்கும் சினிமாப் பாட்டுகளுக்கும் உரிமை இருக்கிறது. பதிவை இணையத்தில் ஏற்றும்போது சினிமாப் பாட்டுப் பகுதி தடைபட இடமுண்டு, ஆகவே அதைத் தனியாக வெட்டி வையுங்கள்.

9. சாப்பாடு

பாட்டு நடக்கும்போது சாப்பிடலாமா? இலண்டனில் அது பிரச்சினையாக இருந்திருக்காது. நம்மிடம் தேவாரம் ஓதும்போது ஒருவர் மீன் குழம்புச் சோறு பிசைந்துகொண்டிருந்தால் பாடுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் மனம் ஒப்பாது. அதனால் 12 மணிக்கே கதவைத் திறவுங்கள். பக்கத்து விறாந்தையில் மேசை போட்டு, கை கழுவத் தண்ணீர் வைத்து, வந்தவர்கள் தங்கள் பார்சலை அங்கே சாப்பிட்டு முடித்து 12.30க்கு உள்ளே வரட்டும். பிந்தி வருகிறவர் விறாந்தையிலிருந்தே சாப்பிட்டபடி கேட்கலாம், குறையில்லை. மண்டபத்துக்குள் தண்ணீர் மட்டும்.

பார்சல் விற்க விரும்பினால் ஒரே வகை, மரக்கறி. சோறு, பருப்பு, ஒரு பொரியல், சம்பல், அப்பளம். எல்லாரும் சாப்பிடலாம். பக்கத்தில் சமைத்து விற்கும் பெண் ஒருவரிடம் ஓடர் கொடுங்கள். முதல் நிகழ்ச்சிக்கு முப்பது பார்சலுக்கு மேல் சொல்லாதீர்கள்.

குப்பையை உடனே கட்டி எடுத்துவிட வேண்டும். நம் நகரத்தில் புள்ளிமான்கள் வீதியில் திரிகின்றன. சோறு ஒட்டிய லஞ்ச் ஷீட்டையும் பிளாஸ்டிக் பையையும் அவை தின்றுவிடுகின்றன. வாழையிலையில் கட்டித் தரச் சொல்லுங்கள், மூடியுள்ள வாளியில் சேருங்கள்.

பாடகர்கள் 11 மணிக்கு முன் இலேசாக ஏதாவது சாப்பிட்டிருக்க வேண்டும். இரண்டு இடியப்பம் அல்லது வாழைப்பழம் போதும். நிறைந்த வயிற்றோடு மூச்சு நிற்காது, வெறும் வயிற்றோடு மத்தியான வெக்கையில் தலை சுற்றும். ஐஸ் தண்ணீர் கொடுக்காதீர்கள். அவர்களுக்கான சோறு 1.15க்கு ஆயத்தமாக இருக்கட்டும்.

10. பணம்

நுழைவு இலவசம், வாசலில் உண்டியல். பாடகர்கள் விருப்பத்தோடு இலவசமாகப் பாடலாம். மிருதங்கம், வயலின், ஒலி ஆகிய மூவருக்கும் கட்டாயம் கொடுக்க வேண்டும். அது அவர்களுடைய பிழைப்பு. தூரத்திலிருந்து வருகிறவருக்குப் பயணச் செலவும் நம்முடையது. 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு கிண்ணியாப் பாடகர்களை ஒரு மத்தியானத்துக்கு அழைப்பது எளிதாகிவிட்டது. பஸ் திரும்பும் நேரத்தை மட்டும் முதலே கேட்டு வையுங்கள். அனுசரணை தருகிற கடைக்காரருக்கு நன்றியை வாசல் பலகையில் எழுதுங்கள். மேடைக்குப் பின்னால் பெரிய பனர் கட்டாதீர்கள்.

11. சனத்துக்குச் சொல்வது

ஒரு அலுவலகத்துக்கு ஒரு ஆளைப் பிடியுங்கள். பிரதேச செயலகம், வைத்தியசாலை, நீதிமன்றம், வங்கிகள், கல்வி அலுவலகம்: ஒவ்வொன்றிலும் பாட்டில் விருப்பமுள்ள ஒருவர் இருப்பார். அவர் நாலு பேரைக் கூட்டி வருவார். வாட்ஸ்அப் செய்தி இரண்டு தரம் போதும், முந்தின வெள்ளியும் அன்று காலை 9 மணிக்கும். செய்தியில் “1.10க்கு முடியும்” என்பதைப் பெரிதாகப் போடுங்கள், உத்தியோகத்தரை வரவைப்பது அந்த வரிதான். ஓட்டோ நிறுத்தத்திலும் சந்தையிலும் கடிதாசி ஒட்டுங்கள். ஓட்டோக்காரரையும் சந்தைக்காரரையும் யாரும் அழைப்பதில்லை, அழைத்தால் வருவார்கள்.

12. அன்று

10.30க்குக் கதிரையும் விரிப்பும். 11க்குச் சவுண்ட் காரர். 11.30 முதல் ஒவ்வொருவரும் தங்கள் பாட்டின் முதல் நாலு வரியை மைக்கில் பாடிப் பார்க்க வேண்டும். மிக்சரில் எந்த அளவு என்று எழுதி ஒட்டுங்கள். 12க்குள் இதை முடித்துவிடுங்கள், அதன் பிறகு 12.25 வரை மேடையில் எந்தச் சத்தமும் இருக்கக்கூடாது. 12.15க்கு விளக்கு. 12.25க்குக் கடைசிச் சுருதி. 12.30க்குப் பத்துப் பேர்தான் இருந்தாலும் தொடங்குங்கள். ஆள் வரட்டும் என்று காத்திருந்தால் நேரத்துக்கு வந்த அந்தப் பத்துப் பேரும் அடுத்த மாதம் பிந்தித்தான் வருவார்கள்.

நேரக்காரர் கடைசி வரிசையில் நிற்கட்டும். நாலாவது நிமிடத்தில் மஞ்சள் அட்டை, ஐந்தாவதில் சிவப்பு. ஒத்திகையிலேயே இதைக் காட்டிப் பழக்கியிருந்தால் யாருக்கும் மனம் நோகாது.

படம் எடுக்க ஒரே ஒருவர், ஓரத்திலிருந்து. பதிவுக்கு மிக்சரிலிருந்து நேரே ஒலியை எடுங்கள். ஒவ்வொரு பாடகரிடமும், பிள்ளைகள் என்றால் பெற்றோரிடமும், பதிவுக்கும் வெளியிடவும் எழுத்தில் சம்மதம் வேண்டும். நாட்டார் கவி, அம்பா, தாலாட்டு பாடிய மூத்தவர்களின் பதிவை இன்னும் கவனமாகப் பேணுங்கள்: பெயர், ஊர், யாரிடம் கற்றார், எந்த வேலையின்போது பாடுவது என்று அவர் சொல்லச் சொல்ல எழுதி, ஒலியோடு சேர்த்து இரண்டு இடத்தில் வையுங்கள். ஒரு பிரதி அவருடைய பிள்ளைகளின் பேசிக்கும் போக வேண்டும்.

1.10க்கு முடிந்ததும் பாடகர்களும் வாத்தியக்காரரும் ஒன்றாக இருந்து சாப்பிடட்டும். பண்ணிசைக்காரரும் கரைவலைக்காரரும் பாடகர் குழு ரீச்சரும் ஒரு மேசையில் இருந்து பேசுவது இந்த ஊரில் அடிக்கடி நடக்கிற காரியமில்லை. அந்த மேசையை அவசரப்படுத்தாதீர்கள். அடுத்த மாதத்துக்கு யாரை அழைக்கலாம் என்று ஒவ்வொருவரிடமும் ஒரு பெயர் கேட்டுக் கொப்பியில் எழுதுங்கள். அதில் குறைந்தது இரண்டு பேர் இதுவரை எந்த மேடையிலும் பாடாதவர்களாக இருக்கட்டும். உண்டியலை இரண்டு பேர் முன்னிலையில் எண்ணி, வாத்தியக்காரர் கணக்கை முடித்து, மண்டபச் சாவியை 2 மணிக்குள் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.